வல்லெட்டாவில் மாலை: எங்கே அமரலாம், எங்கிருந்து எழுந்துவிடலாம்

செப்டம்பர் நடுவில் தொடங்கி அக்டோபர் நடுவரை, பணி நிமித்தமாக நானும் என் மனைவியும் மால்டாவின் ஸ்லீமா நகரில் ஒரு மாதம் தங்கியிருந்தோம். பகல் பொழுது அலுவலகத்தோடு போய்விடும். மாலை மட்டுமே எங்களுக்கு மிஞ்சும். அந்த மாலைகளில் பதினேழை எதிர்க்கரையில் இருக்கும் தலைநகரான வல்லெட்டாவில் கழித்தோம். எண்ணி வைத்தவர் என் மனைவி. செலவுக் கணக்கும் அவருடையதே என்பதால், இங்கே வரும் யூரோக் கணக்குகளை ஐயமின்றி நம்பலாம். அந்நகரின் மாலைப் பொழுதை ஒரு சேவையாகக் கருதி மதிப்பெண் இடச் சொன்னால், சூரியன் மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து இரவு ஒன்பதரை வரைக்கும் ஐந்துக்கு ஐந்து கொடுப்பேன். அதற்குப் பிறகு இரண்டரைக்கு மேல் கொடுக்க மனம் வரவில்லை. விடிய விடிய ஆடிப்பாட விரும்புகிறவர்களுக்கு ஸ்லீமாவைத் தாண்டிச் செயின்ட் ஜூலியன்ஸில் பாச்செவில் என்ற பகுதி இருக்கிறது. அவர்களுக்கு இந்த மதிப்பீட்டால் பெரிய பயன் இராது.

வல்லெட்டா மிகச் சிறிய ஊர். பரப்பு ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை; குடியிருப்போர் ஐயாயிரத்துச் சொச்சம் பேர். 1565இல் ஒட்டோமானியப் படை மால்டாவை முற்றுகையிட்டுத் தோற்றுத் திரும்பிய பிறகு, 1566இல் புனித யோவான் அமைப்பின் வீரத்துறவிகள் இந்த நகருக்கு அடிக்கல் நாட்டினார்கள். இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லாப்பரெல்லி, நடுவில் உயர்ந்து இருபுறமும் கடலில் சரியும் ஒரு பாறைத் தீபகற்பத்தின் மேல், மேடு பள்ளம் எதையும் பொருட்படுத்தாமல் கோடு கிழித்தாற்போல் தெருக்களை வகுத்துவிட்டார். அந்தப் பிடிவாதத்தின் பலனையும் வலியையும் மாலையில் வெளியே வரும் எவரும் உடனே உணர்வார்கள். பலன், காற்று: எந்தக் குறுக்குத் தெருவின் முனையில் நின்றாலும் கடைசியில் ஒரு துண்டுக் கடல் தெரியும்; அங்கிருந்து கிளம்பும் காற்று தடையின்றி மேலே ஏறி வந்து முகத்தில் படும். வலி, முழங்காலுக்கு.

என் மனைவிக்கு ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உண்டு. முதல் நாள் மாலை ஸ்லீமாவிலிருந்து படகில் போய், மார்சம்ஷெட் துறையில் இறங்கி, எதிரே செங்குத்தாக நின்ற தெருவைப் பார்த்ததும், "என்னங்க, இந்த ஊர்ல சமதரையே கிடையாதா?" என்று கேட்டார். இருக்கிறது, ஆனால் அதை அடைய ஏறித்தான் ஆக வேண்டும். தெருவே படிக்கட்டாக மாறும் இடங்களில் ஒவ்வொரு படியும் அகலமாகவும் உயரம் குறைவாகவும் இருக்கிறது; ஓர் எட்டுக்கு அதிகமாகவும் இரண்டு எட்டுக்குக் குறைவாகவும் அமைந்துவிட்டதால், எப்போதும் ஒரே காலைத்தான் தூக்கி வைக்க நேர்கிறது. இரண்டாம் வாரத்தில்தான் எங்களுக்கு வழி பிடிபட்டது. போகும்போது பேருந்தில் போக வேண்டும். அது நகர வாயிலுக்கு வெளியே, டிரைட்டன் நீரூற்றைச் சுற்றியுள்ள நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து முதுகெலும்பு போல ஓடும் ரிபப்ளிக் தெருவும் அதற்கு இணையான மெர்ச்சன்ட்ஸ் தெருவும் பாதித் தூரம்வரை ஏறக்குறைய சமதரை. திரும்பும்போது சரிவில் இறங்கிப் படகைப் பிடித்துக்கொள்ளலாம். பேருந்துக் கட்டணம் கோடையில் 2.50 யூரோ, அந்தச் சீட்டு இரண்டு மணி நேரம் செல்லும்.

இருந்தாலும் ஒரு முறையாவது மாலையில் படகிலேயே போய்ச் சேர வேண்டும் என்பேன். பத்து நிமிடம்கூட ஆகாத பயணம் அது. மேல்தளத்தில் வலப்பக்க இருக்கை கிடைத்தால், கார்மேல் மாதா பேராலயத்தின் பெரிய குவிமாடமும் அதனருகே ஆங்கிலிக்கத் தேவாலயத்தின் கூர்ங்கோபுரமும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து இடம் மாறுவதைப் பார்க்கலாம். நகரம் முழுவதும் ஒரே வகைச் சுண்ணாம்புக் கல்லால் கட்டப்பட்டிருப்பதால், வெயில் சாயச் சாய எல்லாச் சுவர்களும் சேர்ந்தே நிறம் மாறுகின்றன: நாலரை மணிக்கு வெளிறிய மஞ்சள், ஆறு மணிக்குத் தேன், அதன் பிறகு சற்று நேரம் சுட்ட செங்கல்லுக்கு முந்திய ஒரு நிறம். அந்த நிறத்துக்குத் தமிழில் பெயர் தேடித் தோற்றுப்போனேன்.

பெரும்பாலான பயணிகள் சூரியன் மறைவதைப் பார்க்க அப்பர் பராக்கா பூங்காவுக்கு ஓடுகிறார்கள். போய் நின்ற பிறகு சூரியன் முதுகுப்பக்கம் இருப்பதைக் கண்டு ஏமாறுகிறார்கள். பூங்கா தென்கிழக்கைப் பார்க்கிறது. மேற்கு, நகரத்தின் மறுபக்கம். ஆனால் ஏமாற வேண்டியதே இல்லை, பார்க்க வேண்டியது வேறு என்பது தெரிந்திருந்தால். கீழே கிராண்ட் ஹார்பர் என்னும் பெருந்துறைமுகம். அதற்கு அப்பால் பிர்கு, பொர்ம்லா, இஸ்லா என்ற மூன்று ஊர்கள். மறையும் வெயில் நம் தலைக்கு மேலாகச் சென்று அந்த மூன்று ஊர்களின் மேலும் செயின்ட் ஆஞ்சலோ கோட்டையின் மேலும் நேராக விழுகிறது. துறைமுகத் தண்ணீர் ஏற்கெனவே நிழலுக்குள் போய்க் கருநீலமாகிவிட்டிருக்க, கோட்டை மட்டும் விளக்கேற்றியதுபோல் நிற்கும். பிறகு நிழல் அடிவாரத்திலிருந்து மெதுவாகக் கோட்டைச் சுவரில் ஏறும். ஏறி முடிக்க நாங்கள் பார்த்த ஒரு நாளில் ஏறக்குறைய இருபது நிமிடம் ஆயிற்று. செப்டம்பர் கடைசியில் இது மாலை ஆறேமுக்காலுக்குள் முடிந்துவிடுவதால் ஆறேகாலுக்காவது அங்கே இருக்க வேண்டும். கட்டணம் கிடையாது. சூரியனையேதான் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் நகர வாயிலுக்கு மேற்குப் பக்கம் மதில்மேல் இருக்கும் ஹேஸ்டிங்ஸ் பூங்காவுக்குப் போகலாம். அங்கே கூட்டமும் குறைவு.

பராக்கா பூங்காவின் ஓரத்திலிருந்து துறைமுகத்துக்கு இறங்கும் மின்தூக்கியைத் தவறவிடக் கூடாது. 1905 முதல் 1973 வரை அங்கே ஒரு பழைய தூக்கி இயங்கியது; அது இடிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கழித்து, 2012 டிசம்பரில் இப்போதைய 58 மீட்டர்த் தூக்கி திறக்கப்பட்டது. ஒரு யூரோ. கீழே தைசா என்னும் மரத்தோணிகள் நிற்கின்றன. இரு முனையும் உயர்ந்து, பளிச்சென்ற வண்ணம் பூசியவை. தலைக்கு 2 யூரோ கொடுத்து ஓர் அந்தியில் பிர்குவுக்குப் போய் வந்தோம். தோணிக்காரர் இறங்குகிறவர்களின் முழங்கையைப் பிடித்து ஒவ்வொருவரையும் தரையில் நிறுத்திய பிறகுதான் அடுத்தவரைப் பார்த்தார். மனைவியிடம் மட்டும் மால்டிய மொழியில் "போன்ஸ்வா" என்றார். அது பிரெஞ்சிலிருந்து வந்த மாலை வணக்கம். அரபுக் குடும்பத்து மொழியொன்றை லத்தீன் எழுத்தில் எழுதி, இத்தாலியச் சொற்களை அள்ளிப் போட்டு, வணக்கம் மட்டும் பிரெஞ்சில் சொல்லும் இந்த மக்களை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

இருட்டிய பிறகு ரிபப்ளிக் தெருவில் நடப்பது வேறொரு சுகம். பகலில் சொகுசுக் கப்பல்களிலிருந்து இறங்கி வந்த கூட்டம் கப்பலுக்குத் திரும்பியிருக்கும். கடைகளும் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டிருக்கும். தலைக்கு மேலே, கல்லரிய்யா என்று அவர்கள் சொல்லும் மூடிய மரமாடங்கள் பச்சையும் சிவப்பும் நீலமுமாக வரிசை கட்டி நிற்கும், சிலவற்றுக்குள் விளக்கெரியும். தேசிய நூலகத்துக்கு முன்னால் விக்டோரியா அரசியின் சிலை இருக்கும் சதுக்கத்தில், 1837 என்ற ஆண்டைப் பெயரோடு சேர்த்துத் தாங்கியிருக்கும் கஃபே கொர்தீனாவின் மேசைகள் பரப்பப்பட்டிருக்கின்றன. காப்பி நன்றாகவே இருந்தது. பேரீச்சம்பழம் அடைத்துப் பொரித்த இம்காரெட் இன்னும் நன்றாக இருந்தது. காப்பி ஆறும்வரை அந்தச் சிலையின் மடியைப் பாருங்கள்: அரசி போர்த்தியிருப்பது மால்டிய லேஸ் சால்வை, நூல் இழைகளின் ஓட்டைகளைக்கூடச் சிற்பி சலவைக் கல்லில் துளையிட்டுக் காட்டியிருக்கிறார். அரசியின் தலைமேல் ஒரு புறா நிரந்தரமாகக் குடியிருக்கிறது.

உணவைப் பற்றி இரண்டாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். கையில் வாங்கிக்கொண்டு போய் எங்காவது உட்கார்ந்து உண்ணும் உணவில் இந்த ஊர் எங்களை ஒருநாளும் ஏமாற்றவில்லை. பஸ்திட்ஸி என்னும் அடுக்கு மாவுப் பலகாரம், ரிக்கோட்டா பாலாடை வைத்தது ஒன்று, மசித்த பட்டாணி வைத்தது ஒன்று. அடுப்பிலிருந்து தட்டு வெளியே வரும் நேரத்துக்குப் போய்விட்டால் வாயைச் சுடும், மேல்மாவு சட்டையெல்லாம் உதிரும். ஒரு யூரோவுக்குள் ஒன்று கிடைத்தது. பட்டாணியில் லேசான காரம் இருப்பதால் முதல் கடியிலேயே நம் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. சைவ உணவுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பழைய முறையில் இதன் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். பல கடைகள் இப்போது மார்கரினுக்கு மாறிவிட்டன என்றாலும், கேட்டுவிட்டு வாங்குவதே நல்லது. என் மனைவி கேட்காமல் எதையும் வாங்கமாட்டார். எந்தக் கடையிலும் அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

ஃப்திரா என்பது புளித்த மாவில் செய்யும் தட்டையான வட்ட ரொட்டி. அதைச் செய்யும் கலையை 2020இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. குறுக்கே பிளந்து, உள்ளே தக்காளி விழுதைத் தேய்த்து, ஆலிவ் எண்ணெய் ஊற்றி, கேப்பர் மொட்டும் ஆலிவ் காயும் வெங்காயமும் வைத்துத் தருவார்கள். டூனா மீன் வழக்கமாகவே உள்ளே இருக்கும் என்பதால், வேண்டாதவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஒன்றை வாங்கினால் இருவருக்குப் போதும். இதற்குத் துணையாகக் கின்னி: 1952இலிருந்து மால்டாவில் தயாராகும், கசப்பு ஆரஞ்சும் மூலிகைகளும் சேர்ந்த பானம். முதல் மடக்கில் மருந்துபோல் இருக்கிறது. மூன்றாவது நாள் நானே தேடிப் போனேன். மனைவிக்குக் கடைசிவரை அது கஷாயம்தான். அவருக்குப் பிடித்தது பிகில்லா. சிறிய வகை அவரையை வேகவைத்துப் பூண்டும் பார்ஸ்லியும் மிளகாயும் சேர்த்து மசித்த துவையல். கல்லெத்தி என்ற மொறுமொறுப்பான வட்ட பிஸ்கட்டால் அள்ளிச் சாப்பிடுவது. மதுக்கடைகளில் பானத்தோடு பலமுறை இது இலவசமாகவே வந்தது.

அமர்ந்து உண்ணும் உணவகங்களில்தான் சிக்கல். துறைமுகக் காட்சியை விளம்பரப்படுத்தும் ஓர் உணவகத்தில் எங்களுக்கு நேர்ந்ததை விரிவாகவே சொல்கிறேன். ஆகஸ்ட் நடுவிலிருந்து ஆண்டின் இறுதிவரை லம்புக்கி மீன் காலம். மீனவர்கள் பனைவகை ஓலைகளைப் பின்னிக் கடலில் மிதக்கவிட, அந்த நிழலைத் தேடி மீன்கள் அடியில் வந்து கூடுமாம்; ஓலை நிழலில் பிடித்த மீன் என்று கேட்டதுமே எனக்கு அதைச் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது. பரிமாறுபவர் பனிக்கட்டி பரப்பிய தட்டில் நாலைந்து மீன்களைக் கொண்டுவந்து நீட்டினார். தங்கமும் பச்சையும் கலந்த ஒரு லம்புக்கியும் இருந்தது. ஆனால் அவர் விரல் காட்டியது அதற்குப் பக்கத்தில் கிடந்த வேறொரு மீனை. "இன்று இதுதான் சிறப்பு" என்றார், நானும் தலையாட்டிவிட்டேன். விலை உணவுப் பட்டியலில் 'எடைக்கேற்ப' என்று மட்டும் இருந்தது. எடை என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. மீன் பக்குவமாகத்தான் வெந்திருந்தது. அதில் குறை சொல்ல மாட்டேன்.

சீட்டு வந்தபோது மீன் 900 கிராம், கிலோ 58 யூரோ, ஆக 52 யூரோ 20 சென்ட். நாங்கள் கேட்காமலே மேசைக்கு வந்த ரொட்டிக்கு ஆளுக்கு இரண்டரை. தண்ணீருக்கு 5. மீனோடு சேர்ந்தது என்று நான் நினைத்திருந்த உருளைக்கிழங்கு தனிக் கணக்கில் 7. மனைவியின் பாஸ்தாவும் இரண்டு கோப்பை ஒயினும் சேர்ந்து, அதன்மேல் பத்து விழுக்காடு சேவைக் கட்டணமும் ஏறி, மொத்தம் 112 யூரோவைத் தாண்டிவிட்டது. ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது; ஒவ்வொரு வரிக்கும் பட்டியலில் எங்கோ ஒரு பொடியெழுத்து ஆதாரம் இருந்தது. ஆனாலும் விருந்தாளியின் கூச்சத்தை விற்றுக் காசாக்குவது நல்ல உபசரிப்பாகாது. மீனைத் தட்டில் காட்டும் அந்தக் கணத்திலேயே எடையையும் மொத்த விலையையும் சொல்லச் சொல்லுங்கள். ரொட்டியைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். அன்று நான் தவறவிட்ட லம்புக்கியைக் கீரையும் ஆலிவும் சேர்த்து அப்பமாகச் சுட்டது, நான்கு நாள் கழித்து ஒரு சிறிய கடையில் பத்து யூரோவுக்குக் குறைவாகக் கிடைத்தது. அதுவே எனக்கு அந்த மாதத்தின் சிறந்த மீன் உணவு.

ஸ்ட்ரெயிட் தெருவைப் பற்றி எல்லாப் பயணக் கையேடுகளும் எழுதுகின்றன. மால்டிய மொழியில் அதற்குக் குறுகிய தெரு என்றே பெயர். நடுவில் நின்று பார்த்தால் எதிர்வீட்டு மாடங்கள் ஒன்றை ஒன்று தொட்டுவிடும் போலிருக்கும். வீரத்துறவிகள் காலத்தில் வாட்போர் நடந்த தெரு என்பார்கள். பிரித்தானியக் கடற்படைக் காலத்தில் மாலுமிகளின் மதுக்கடைகளும் இசைக்கூடங்களும் நிறைந்திருந்தது. 1979 மார்ச் 31 அன்று கடைசிப் படையினரும் வெளியேறிய பிறகு அப்படியே உறங்கிப்போயிற்று. இப்போது மறுபடியும் விழித்திருக்கிறது. பழைய கடைகளின் மங்கிய பெயர்ப்பலகைகள் சில சுவரில் இன்னும் தொங்குகின்றன. 'எகிப்திய அரசி', 'புன்னகைக்கும் இளவரசன்' என்றெல்லாம் படித்துக்கொண்டே நடக்கலாம். ஏழரை மணிக்குப் போனால் தெரு நன்றாக இருக்கிறது. பத்து மணிக்குப் போனால் தெருவைக் காணவில்லை, மேசைகள்தாம் இருக்கின்றன.

அந்தத் தெருவில் எங்களுக்குப் பிடித்தது திராபூஷு என்ற நிலவறை ஒயின் கடை. பெயருக்குப் பொருள் தக்கைத் திருகி. வளைந்த கல் கூரையின் கீழ், வெளியே எவ்வளவு புழுக்கமாக இருந்தாலும் உள்ளே குளிர்ச்சி. மால்டாவுக்கே உரிய இரண்டு திராட்சை வகைகள் இருக்கின்றன: வெள்ளைக்கு ஜிர்ஜென்தீனா, சிவப்புக்கு ஜெல்லெவ்சா. வேறு நாட்டு ஒயினைக் கேட்காமல் அவற்றைக் கேட்டுப் பாருங்கள். எனக்கு ஒயினில் பெரிய ஞானம் எதுவும் இல்லை. ஜிர்ஜென்தீனா மெலிதாகவும் எலுமிச்சைத் தோல் வாசத்தோடும் இருந்தது, ஒரு கோப்பைக்கு மேல் குடித்தும் தலை கனக்கவில்லை என்ற அளவுக்குத்தான் என் சான்று.

பதினேழு மாலைகளில் எந்த மாலைக்காகத் திரும்பிப் போவேன் என்று கேட்டால், வெள்ளிக்கிழமைகளுக்காக என்பேன். செயின்ட் அர்சுலா தெருவில், விக்டோரியா வாயிலுக்கு மேலே, பிரிட்ஜ் பார் என்று ஒரு சின்ன மதுக்கடை இருக்கிறது. கடைக்குள் பத்துப் பேர் நின்றால் மூச்சு முட்டும். ஆனால் வெதுவெதுப்பான மாதங்களின் வெள்ளிக்கிழமை மாலைகளில் கடைக்காரர்கள் எதிரிலுள்ள தெருப் படிக்கட்டில் மெத்தைத் திண்டுகளைப் பரப்பிவிடுகிறார்கள். ஜாஸ் இசைக்குழு கடை வாசலில் நின்று வாசிக்கிறது. நாற்காலி, மேசை, முன்பதிவு எதுவும் இல்லை. படியில் இடம் கிடைத்தால் உட்கார வேண்டியதுதான். எட்டு மணிக்குப் பிறகு இடம் கிடைக்காது, ஏழேகாலுக்கே போய்விடுங்கள்.

நாங்கள் கீழிருந்து ஏழாவது படியில் உட்கார்ந்திருந்தோம். வெயில் போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் கல் இன்னும் சூடாகவே இருந்தது. திண்டைத் தள்ளிவிட்டு மனைவி வெறுங்கல்லில் உட்கார்ந்து, முழங்காலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, ஒத்தடம் கொடுத்ததுபோல் இருக்கிறது என்றார். கிளாரினெட் வாசித்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் இடையில் ஒரு துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். படிக்கட்டின் நடுவே குடியிருப்போர் நடந்து போவதற்காக ஒரு முழ அகலத்துக்கு வழி விட்டிருந்தார்கள். பாட்டின் நடுவே, காய்கறிப் பையோடு ஒரு மூதாட்டி அந்த வழியில் ஏறி வர, இருபக்கமும் உட்கார்ந்திருந்தவர்கள் கோப்பைகளைத் தூக்கிக்கொண்டார்கள். தாளக்காரர் அவருடைய நடைக்கு ஏற்ப வேகத்தைக் குறைத்தார். மூதாட்டி மேல்படியை அடைந்து, திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் உயர்த்தினார். அன்று எங்கள் செலவு 19 யூரோ. ஒரே ஒரு குறையைச் சொல்வதானால், கடைக்கு ஒரே ஒரு சிறிய கழிப்பறைதான், அதற்கும் நீண்ட வரிசை.

நாடகமும் இசையும் விரும்புகிறவர்களுக்கு இரண்டு இடங்கள். மனோயல் நாடக அரங்கு 1731இல் கட்டப்பட்டது. ஐரோப்பாவில் இன்றும் இயங்கும் மிகப் பழைய அரங்குகளில் ஒன்று. முழுக்க மரத்தாலான உட்புறம், முட்டை வடிவில் அடுக்கடுக்கான மாடங்கள். மேல்மாடத்தின் மலிவு இருக்கையில் மேடையின் கால்பகுதி தெரியாது. கேட்பதற்கு மட்டும் எந்தக் குறையும் இல்லை. மற்றொன்று, நகர வாயிலுக்கு உள்ளே இருக்கும் திறந்தவெளி அரங்கு. 1866இல் திறந்த அரச இசைநாடக மன்றம் 1942 ஏப்ரல் 7 அன்று குண்டுவீச்சில் நொறுங்கியது. பல பத்தாண்டுகள் இடிபாடாகவே கிடந்த அதைக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ மறுபடி எழுப்பாமல், எஞ்சிய தூண்களுக்கு நடுவே கூரையில்லாத அரங்காக மாற்றினார். 2013இல் அது திறக்கப்பட்டது. கூரை வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் ஊரில் நிறைய. நாங்கள் போன அன்று மெல்லிய வயலின் பகுதி ஒன்றின்போது பக்கத்து ஆலய மணி அடித்து, தெருவில் யாரோ வண்டிப்பெட்டியை உருட்டிக்கொண்டும் போனார்கள். கூரை கேட்பவர்களின் கட்சியில் நானும் சேர்ந்துகொண்டேன்.

இனி, ஒன்பதரைக்குப் பிறகு ஏன் இரண்டரை என்ற விஷயம். 2022இல் வந்த ஓர் அரசாணை, வல்லெட்டாவின் சில தெருக்களில் இசைக்கான இறுதி நேரத்தை இரவு 11 மணியிலிருந்து 1 மணிவரை நீட்டியது. அங்கே குடியிருப்போர் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை அந்தத் தெருக்களில் ஒருமுறை நடந்தாலே உணரலாம். இருபுறமும் ஐந்து மாடி உயரக் கல்சுவர். ஒரு கடையின் ஒலிபெருக்கி அடுத்த கடையின் ஒலிபெருக்கியோடு மோதி, எந்தப் பாட்டும் பாட்டாகக் கேட்பதில்லை. மேசைகள் நடைபாதையைத் தாண்டித் தெருவின் நடுவரை வந்துவிட, சக்கர நாற்காலியில் வருகிறவர் திரும்பிப் போக வேண்டியதுதான். குப்பைப் பைகளை வாசலில் வைக்கும் நேரமும் அதுவாகிவிட்டால், வறுத்த பூண்டு வாசனையும் அழுகல் நாற்றமும் ஒரே காற்றில் வருகின்றன. இரண்டாம் உலகப் போருக்கு முன் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்த நகரம் இது. இன்றைக்கு மாடங்களில் எரியும் விளக்குகளில் எத்தனை, வாடகைக்கு விடப்பட்ட அறைகளின் விளக்குகள் என்று எண்ணத் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமை படிக்கட்டில் அந்த மூதாட்டிக்கு விட்ட ஒரு முழ வழி மெர்ச்சன்ட்ஸ் தெருவில் இல்லை.

திரும்பும் வழியைப் பற்றி ஒரு சொல். ஸ்லீமா படகு கோடையில் இரவு வெகுநேரம்வரை ஓடுகிறது. குளிர்காலத்தில் முன்னதாகவே நின்றுவிடும். படகுத்துறைப் பலகையில் அன்றைய கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். பார்க்காமல் போன ஓரிரவு, சரிவில் கீழே இறங்கி, பூட்டிய துறையைப் பார்த்து, மறுபடி அத்தனை படிகளையும் ஏறி நகர வாயிலுக்குப் பேருந்து பிடிக்கப் போனோம். பாதிவழியில் ஒரு ஆலய வாசற்படியில் உட்கார்ந்தபோது மனைவி என்னிடம் ஒன்றும் பேசவில்லை. அது வசவைவிட நன்றாகவே புரிந்தது.

கடைசி மாலை சரியான நேரத்துக்குப் படகில் ஏறினோம். குவிமாடத்தின் விளக்குகள் பின்னால் சிறுத்துக்கொண்டிருக்க, மனைவி கைப்பேசியில் கணக்கைக் கூட்டிப் படித்தார்: பதினேழு மாலைகள், இருவருக்கும் போக்குவரத்து, உணவு, ஒயின், நாடகச் சீட்டு எல்லாம் சேர்த்து 540 யூரோ. "அதுல 112 அந்த ஒரு மீனுக்கு" என்றார். பிறகு இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.